பங்கு ஆலயச் சுவரில் ஒரு ரொட்டிக் கணக்கு

இங்கிலாந்தின் பழைய பங்கு ஆலயம் ஒன்றில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதி), ஆலய அறக்கொடைகள் எழுதப்பட்ட கறுப்பு மரப்பலகையின் முன் இன்று நெடுநேரம் நின்றிருந்தேன்.

மங்கிய பொன்னிற எழுத்துகளில் ஒரு வரி: ஒரு நிலத்தின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 52 ஷில்லிங், பங்கின் ஏழைகளுக்கு ஞாயிறுதோறும் ரொட்டி.

வாரத்துக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. ஆக, வழிபாடு முடிந்ததும் 12 பேருக்கு ஆளுக்கொரு பென்னி ரொட்டி.

அந்நாளைய ரொட்டிச் சட்டப்படி, கோதுமை விலை ஏறினால் பென்னி ரொட்டியின் விலை ஏறாது, எடைதான் குறையும். பஞ்ச ஆண்டில், பசி மிகுந்திருந்தபோதே ஏழையின் கைக்கு வந்த ரொட்டி சிறுத்துப்போனது என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது. கொடுத்தவரின் நெஞ்சில் குறையில்லை. தொகையை நிரந்தரமாக நிர்ணயித்ததே குறை. குறித்த தொகைக்குப் பதில் நிலத்தையே எழுதிவைத்த அறங்களோ, வாடகை உயர உயரத் தாமும் வளர்ந்தன.

இத்தகைய சொத்துகள் கையாடப்படுவதை விசாரிக்க 1601-இலேயே அறக்கொடைச் சட்டம் வந்தது. 1818 முதல் 1837 வரை விசாரணை ஆணையர்கள் ஊர் ஊராகச் சென்று கணக்குக் கேட்டார்கள். 1853-இல் நிலையான அறக்கொடை ஆணையம் அமைந்தது.

ஆனால் எந்த ஆணையமும் வருவதற்கு முன்பே, ஞாயிறுதோறும் வருவோர் அனைவரும் படிக்கும்படி கணக்கைச் சுவரில் மாட்டியவர்கள் மீதுதான் எனக்குப் பெருமதிப்பு. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசித்தால் போதும், தமக்குச் சேர வேண்டியது என்னவென்று ஏழைகள் அறிந்திருப்பார்கள்.