அமர்கோர்டு படத்தை எக்ஸாம்ல எப்படி எழுதலாம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்புல ஃபிலிம் ஸ்டடீஸ் பேப்பருக்கு இத்தாலி சினிமான்னா நியோரியலிசத்தை (போருக்கு அப்புறம் நிஜ இடங்கள்ல சாதாரண ஜனங்க வாழ்க்கையை எடுத்த பாணி) மட்டும் உருப்போட்டுட்டு போறவங்க தான் ஜாஸ்தி, திடீர்னு இத்தாலி டைரக்டர் ஃபெலினியோட அமர்கோர்டு (1973) படத்து காம்போசிஷன் (ஃபிரேமுக்குள்ள ஆளையும் பொருளையும் எப்படி வைக்கிறாங்கங்கறது), டைரக்‌ஷன் ஸ்டைல் பத்தி கேட்டா கதைச்சுருக்கத்துல இறங்கிடுவாங்க. அதுல இறங்காதீங்க. 1930கள்ல சர்வாதிகாரி முசோலினி ஆண்ட காலத்து இத்தாலி கடலோர ஊரு, டிட்டான்னு ஒரு பையன், அவன் வீடு ஸ்கூல் ஊர்க்காரங்க, ஒரு வசந்தத்துல ஆரம்பிச்சு அடுத்த வசந்தத்துல முடியும், அவ்ளோ தான், இதுக்கு மூணு வரி போதும்.

நான் ஒரே ஒரு கேள்வியை புடிச்சுகிட்டு தான் படிச்சேன், இந்தப் படம் ஏன் இப்படி அப்பட்டமா செட்டு மாதிரி தெரியுது? ஃபெலினி பொறந்து வளர்ந்தது இதே மாதிரி கடலோர ஊரான ரிமினில, ஆனா அங்க போய் எடுக்காம ரோம் சினேசிட்டா ஸ்டுடியோல ஊரையே கட்டினாரு. ரெக்ஸ்ங்கற பெரிய பயணிகள் கப்பல் வர்ற சீன்ல கடலே பிளாஸ்டிக் ஷீட் தான், பார்த்தாலே தெரியும், மறைக்கவும் இல்ல. அந்தக் காலத்துல வசதி இல்லன்னு எழுதிடாதீங்க, கேமராமேன் ஜுசெப்பே ரொட்டுன்னோ, 1963லயே இன்னொரு இத்தாலி டைரக்டர் விஸ்கொன்டிக்கு தி லெபர்ட் படத்துல நிஜ அரண்மனைக்குள்ள அந்த டான்ஸ் சீனை எடுத்துக் குடுத்த ஆளு. அப்போ இது வேணும்னே பண்ணது, ஊரு எப்படி இருந்துச்சுன்னு இல்ல, ஞாபகத்துல எப்படி பெருசாகி மினுக்குதுன்னு காட்டுறாரு. இந்த ஒரு பாயிண்ட்டை முதல் பாராவிலயே வச்சுட்டா மத்ததெல்லாம் அதுக்கு சாட்சியா வந்து உக்காரும்.

சாட்சிக்கு ரெண்டு மூணு சீன் போதும் ஆனா நல்லா உள்ள போகணும். எனக்கு புடிச்சது பனிமூட்ட சீன், டிட்டாவோட தாத்தா வாசலைத் தாண்டினதும் ஃபிரேம் முழுக்க வெள்ளை, ஆழமும் இல்ல அடிவானமும் இல்ல, வீடு எங்கன்னே தெரியாம தடுமாறுறாரு, சாவு இப்படித்தான் இருக்கும்னா எனக்கு வேணாம்ப்பாங்கற மாதிரி புலம்புறாரு, கடைசில குதிரைவண்டிக்காரர் ஒருத்தர் வந்து நீங்க உங்க வீட்டு முன்னாடி தான் நிக்கிறீங்கன்னு சொல்லிட்டு போறாரு. உடனே அதே பனியில ஸ்கூலுக்கு போற சின்னப் பையன் முன்னாடி ஒரு வெள்ளை மாடு வந்து நிக்கும். கிழவருக்கும் பையனுக்கும் ஒரே வெறும் ஃபிரேம், ஆனா பயம் வேற வேற, இதை எழுதினா திருத்துறவங்க கண்டிப்பா நிமிர்ந்து உக்காருவாங்க.

இதுக்கு எதிர்ல பூவாலயே செஞ்ச முசோலினி மூஞ்சி சீனை வைங்க. அங்க மட்டும் எல்லாம் நேருக்கு நேர், வரிசை வரிசையா, சிமெட்ரி. மத்த நேரம் ஊர் ஜனங்க ஃபிரேமுக்குள்ள தள்ளிகிட்டு நிப்பாங்க, ஊர் வக்கீலா வர்ற கேரக்டர் கேமராவையே பார்த்து நம்மகிட்ட ஊர்க்கதை பேசுவாரு. கூட்டத்துக்கு ஒரு காம்போசிஷன், ஃபாசிசத்துக்கு (முசோலினியோட சர்வாதிகார அரசியலுக்கு) ஒரு காம்போசிஷன்னு நேரடியாவே எழுதலாம்.

படிக்கும்போது முதல் தடவை சும்மா பாருங்க, அடுத்து மியூட் போட்டு நீங்க எடுத்துக்கிட்ட சீனை மட்டும் நிறுத்தி நிறுத்தி பென்சில்ல கட்டம் போட்டு வரைஞ்சு பாருங்க. எக்ஸாம்லயும் அந்த கட்டத்தை சின்னதா வரையலாம், அழகா இருக்கணும்னு இல்ல, யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா சரி. ஆஸ்கார் வாங்குனது ஒரு வரி, நீனோ ரோட்டா மியூசிக் ஒரு வரி, அதுக்கு மேல வேணாம், கேள்வி விஷுவல் பத்தி தான்.