வேப்பமரத்தடியில் போட்ட மேசை

"வெளியில அறுத்தா தூசி காத்தோட போயிருமுங்க தம்பி. உள்ளார அறுத்தா எங்கீங்க போகும்?"

வீடுகளுக்கு மரவேலை எடுத்துச் செய்கிறவன் நான். என்னிடம் வேலை பார்த்த ஆசாரி இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. கட்டிங் மெஷினைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகச் சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் முதலில் மரம் எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பார். நான் சொல்கிற அந்த வீட்டு வாசலில் ஒரு வேம்பு இருந்தது. அதன் அடியில் மேசையைப் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் காரெல்லாம் தூசி என்று சண்டை. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நான் என்ன செய்திருக்க முடியும்? வேலை நின்றால் ஆறு பேருக்குச் சனிக்கிழமை கூலி இல்லை. அன்றைக்கு அதுதான் சரி என்று பட்டது. இன்றைக்கும் பாதி நேரம் அப்படித்தான் படுகிறது.

அவருடைய அப்பா மாட்டுவண்டி செய்தவர். கருவேல மரத்தில் சக்கரத்துக்குக் குடமும் ஆரக்காலும் செதுக்குவதைப் பார்த்து, திறந்தவெளிப் பட்டறையில் வளர்ந்த பிள்ளை இவர். வருடா வருடம் சித்திரையில், கோயம்புத்தூருக்கு மேற்கே இருக்கும் வெள்ளியங்கிரி மலைக்குப் போய்விடுவார். பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற விடுவார்கள். எங்களுக்கு வேலை நெருக்குவதும் அப்போதுதான். லீவு என்று கேட்கமாட்டார். "மலைக்குப் போய்ட்டு வந்தர்றனுங்க" என்பார், அவ்வளவுதான். மூங்கில் தடியோடு ராத்திரியில் ஏழு மலையும் ஏறி இறங்கி வந்து, சாமியைப் பற்றிப் பேசமாட்டார். ஆண்டிசுனைத் தண்ணீரையும் விடிகாலைக் காற்றையும் பற்றித்தான் பேசுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்துக் காஸ் வன அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். 1902-இல் தொடங்கிய இடம். இந்த ஊரிலேயே பிறந்த நான் அதுவரை உள்ளே போனதில்லை. அங்கிருந்த மரத்துண்டுகள் முன்னால் நின்று, உள்ளே இருக்கும் வைரம் எது, அதைச் சுற்றியிருக்கும் வெள்ளை எது என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். வேங்கையும் தோதகத்தியும் காட்டில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று சொன்னார். அப்படிப்பட்டவருக்கு நான் கொடுத்ததெல்லாம் பிளைவுட்டும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையும்தான். "இதுல மரத்து வாசமே இல்லீங்களே" என்று ஒருமுறை சொன்னார். அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் இருப்பது அப்போதே எனக்குத் தெரியும். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது என்பதை அவர் படுத்த பிறகுதான் படித்தேன்.

அவருக்கு வந்தது நுரையீரலில். தூசியால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பீடி குடிப்பார். முப்பது வருடம் எத்தனையோ பேரிடம் வேலை பார்த்தவர். என்னிடம் நாலு வருடம்தான். மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன், வேர்க்கிறது என்று கழற்றிவைத்தார். இந்தக் கணக்கையெல்லாம் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். போட்டு முடித்ததும், மெஷினை உள்ளே தூக்கிப் போகும்போது அவர் ஒரு தடவை திரும்பி அந்த வேம்பைப் பார்த்தது வந்து நிற்கிறது. ஒருவேளை பார்க்கவே இல்லையோ என்னவோ. நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பக்கம் ஆள் இருந்தார்கள்.

போன மாதம் ஒரு அடுக்குமாடி வேலையில், புதிதாக வந்த பையன் மெஷினை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் போன் செய்தார். நான் ஏறிப் போனேன். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. பையன் என் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம், "உள்ளே வெச்சுக்கப்பா, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ" என்றேன்.