சாமிக்கு எதுக்குங்க ஸ்பீக்கர்?

ஆடி மாசம் வந்தாலே எனக்கு பயமா இருக்கு. தெருமுனையில கட்டுற குழாய் ஸ்பீக்கர் சரியா எங்க ஜன்னலப் பாத்துதான் இருக்கும், காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடுவாங்க, ராத்திரியெல்லாம் இருமிட்டு அப்பதான் கண்ணசந்த அம்மா திடுக்குன்னு எந்திரிச்சு உக்காந்துடுவாங்க. போய் கேட்டா "சாமி காரியம்ங்க, இதுல போய் குறை சொல்றீங்களே"ங்கறாங்க.

மனசுல நினைச்சாலே சாமிக்கு கேக்கும்னுதானே சொல்லிக்குடுத்து வளத்தீங்க? கோயில மட்டும் சொல்லல, மசூதி, சர்ச் எல்லாத்துக்கும் சேத்துதான். 2000-லயே சென்னைல ஒரு சர்ச் சம்பந்தப்பட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அடுத்தவங்க நிம்மதியக் கெடுத்து பிரார்த்தனை பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலன்னு. அதே வருஷம் வந்த விதிப்படி ராத்திரி 10 மணிலேந்து காலைல 6 மணி வரைக்கும் வெளிய ஸ்பீக்கர் கூடாது, வீடுங்க இருக்குற ஏரியால பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, அவ்ளோதான் அளவு. திருவிழாவுக்குன்னு அரசாங்கம் விதிவிலக்கு குடுக்கலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான், ராத்திரி 12 மணி வரைக்கும்தான்.

யாரு தட்டிக்கேப்பா? கட்சிக்காரங்க கூட்டத்துக்கும் அதே குழாய்தான். பகுத்தறிவு பேசுறவங்க, பக்தி பேசுறவங்க, ரெண்டு பேர் மேலயும் எனக்கு ஒரே கோவம்தான், ஓட்டு போயிடும்னு வாயே தொறக்கமாட்டாங்க. பரீட்சைக்குப் படிக்கிற புள்ள, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுக்குறவரு, கைக்குழந்தைக்காரி, இவங்கள்லாம் யார்கிட்ட போய் சொல்லுவாங்க?

இந்த வருஷம் 100-க்கு போன் பண்ணத்தான் போறேன், தெருவே என்கிட்ட பேசாம போனாலும் சரி.