டிசம்பரோடு முடியும் ஒப்பந்தம்

டர்பனில் பல்கலைக்கழக வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சம்பளம், வரி, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். தொழிற்சங்கத்தைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். நானாகப் பேச்செடுத்தால், "விசாவில வந்தவங்களுக்கு எதுக்குங்க வம்பு?" என்கிறார்கள். அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம், 23-ஆம் பிரிவில், சங்கத்தில் சேரவும் வேலைநிறுத்தம் செய்யவும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. குடியுரிமை பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பேராசிரியரும் அந்தக் கணக்கில் தொழிலாளிதான்.

பல்கலைக்கழக ஊழியர்கள் சேரும் நெஹாவு, என்.டி.இ.யு. போன்ற சங்கங்கள் சம்பள உயர்வுக்குப் பேசுவது எல்லோருக்கும் தெரியும். சங்கப் பிரதிநிதியாக இருந்த எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒப்பந்த ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் துணை.

எங்கள் துறையில் தங்கை போன்ற ஓர் ஒப்பந்த ஆசிரியை. ஆண்டுதோறும் டிசம்பரில் ஒப்பந்தம் முடியும், ஜனவரியில் புதுப்பிப்பார்கள். ஒரு வருஷம், அடுத்த ஆண்டு வகுப்பு அட்டவணையில் பெயர் போட்ட பிறகு, புதுப்பிக்கவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. "ஒப்பந்தம் முடிஞ்சா முடிஞ்சதுதானே அண்ணா, இனி என்ன கேக்க முடியும்?" என்றாள். கேட்க முடியும். புதுப்பிப்பார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தும் புதுப்பிக்காவிட்டால், அது பணிநீக்கம்தான் என்கிறது 1995 தொழிலாளர் உறவுச் சட்டம். ஆனால் 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையத்தில் முறையிட வேண்டும். சனி, ஞாயிறும் அதில் சேரும். கட்டணம் கிடையாது.

பழைய ஒப்பந்தங்கள், அந்த அட்டவணை, மார்ச் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கச் சொல்லித் துறைத் தலைவர் அனுப்பிய மின்னஞ்சல், எல்லாவற்றையும் என் மேசையில் பரப்பி வரிசைப்படுத்தினோம். ஆணையத்தில் முறையிடுவதற்கான 7.11 படிவத்தை அவளே நிரப்பினாள். சமரசக் கூட்டத்தில் வழக்கறிஞர் உட்கார முடியாது, சங்க நிர்வாகி உட்காரலாம். மனிதவளத் துறைக்காரர்கள் எதிரே கோப்புகளோடு இருக்கும்போது பக்கத்தில் நம் ஆள் ஒருவர் இருப்பது எவ்வளவு தெம்பு என்பதை அன்று அவள் முகத்தில் பார்த்தேன். ஓராண்டு நீட்டிப்புக் கிடைத்தது. நிரந்தரப் பணிக்கு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம்.

1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் வந்திறங்கிய ஊர் இது. 1913-இல், டர்பன் இருந்த நேட்டால் மாகாணத்தின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்தி, 3 பவுண்டு தலைவரியை மறு ஆண்டே ஒழித்தவர்களும் நம்மவர்களே. அந்த மண்ணில், படித்த தமிழர்களே தொழிற்சங்கம் என்றதும் ஒதுங்குவது எனக்குத் தாங்கவில்லை.

புதிதாக வருகிறவர்கள் முதல் மாதமே உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆணையத்தில் சங்க நிர்வாகி தன் உறுப்பினருக்காகத்தான் பேச முடியும். வந்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் சொந்தக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை போன அன்றே பல்கலைக்கழகக் கணக்கை மூடிவிடுவார்கள்.