மெக்லீன் மையத்தில் ஃபெலோஷிப்: போகிறவர்களுக்குக் கொஞ்சம்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் மெக்லீன் மையத்தில் ஃபெலோஷிப்பில், அதாவது மேற்பயிற்சியில், மருத்துவ அறவியல் (சிகிச்சையில் எது சரி, எது தவறு என்று ஆராயும் துறை) படித்தது பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருவர் டாக்டர்கள், ஒருவர் நர்ஸ். மூவருக்கும் ஒரே பயம்: "தத்துவம் படித்ததே இல்லையே, சமாளிக்க முடியுமா?" முடியும். அங்கே டாக்டர், நர்ஸ், வக்கீல், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் படிக்கிறார்கள்.

1984இல் மார்க் சீக்லர் தொடங்கிய மையம் இது. அவரே நோயாளிகளைப் பார்த்துவந்த பொது மருத்துவர். எது சரி, எது தவறு என்ற கேள்வியையும் கட்டிலருகே நின்றுதான் கேட்க வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி. ஜான்சன், வின்ஸ்லேட் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதி 1982இல் வந்த 'கிளினிக்கல் எதிக்ஸ்' புத்தகத்தை, சேருவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். எந்தக் கேஸையும் அது நான்கு பெட்டிகளாகப் பிரிக்கும்: நோயின் நிலையும் சிகிச்சையால் ஆகக்கூடியதும், நோயாளியின் விருப்பம், வாழ்க்கைத் தரம், குடும்பம் - பணம் - சட்டம் என்று சுற்றியுள்ளவை.

நான் சறுக்கியது முதல் பெட்டியில். அதுதான் நமக்குத் தெரியுமே என்று தாண்டி, நேராக இரண்டாவதுக்குப் போய்விடுவேன். அப்போது நான் பகுதி நேரமாகப் படித்துக்கொண்டு வேறொரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ஐ.சி.யு.வில் மூன்று வாரமாக வென்டிலேட்டரில் ஒருவர். "மனைவி நிலைமையைப் புரிந்துகொள்ள மறுக்கிறார்" என்று அறவியல் ஆலோசனைக் குழுவான எங்களைக் கூப்பிட்டார்கள். நோயாளியின் விருப்பத்தை எப்படிக் கேட்பது என்று கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். அந்த அம்மா மடியில் ஒரு ஸ்பைரல் நோட்டு வைத்திருந்தார். அதைத் திருப்பிக் காட்டினார். தேதி போட்டு, பக்கத்தில் கிரியேட்டினின் அளவு (சிறுநீரகம் தேற இறங்கும் ரத்தப் பரிசோதனை எண்): 4.1, 3.6, 2.9. சிறுநீரக டாக்டர் தினமும் வந்து "நல்லா இறங்குது" என்று சொல்லியிருக்கிறார். இதய டாக்டர் "இதயம் பரவாயில்லை" என்றிருக்கிறார். இரண்டும் உண்மை. மூளை பாதிக்கப்பட்டதை எல்லோரும் சொன்னதாக நினைத்தோம். உட்கார்ந்து யாருமே சொல்லவில்லை. அவர் மறுக்கவில்லை, சொன்னதை எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். கையில் இருந்த கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அன்று மாலையே எல்லா டாக்டர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒருவர் மட்டும் பேச ஏற்பாடு செய்தோம். அந்த அம்மா ரொம்ப நேரம் அழுதார். அப்புறம், தன் கணவர் எப்படிப்பட்டவர் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

அதனால், வார்டுக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது: "டாக்டர்கள் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதிதான் கஷ்டம், பழக வேண்டும்.

சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். நோயாளியால் முடிவெடுக்க முடியாமல், யாரையும் முன்கூட்டியே நியமிக்காமலும் இருந்தால் அவருக்காக யார் பேசலாம் என்பதற்கு, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது: நீதிமன்றம் நியமித்த காப்பாளர், கணவன் அல்லது மனைவி, வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று போய் நெருங்கிய நண்பர் வரை வரும். நம் வீடுகளில் பெரியண்ணன் சொல்வதுதான் முடிவு என்று இருக்கலாம். அங்கே மனைவிக்குப் பிறகுதான் அவர். இது தெரியாமல் தாழ்வாரத்தில் சத்தமாகப் பேசுபவரிடம் சம்மதம் வாங்கிவிடும் ஆபத்து உண்டு.

இந்தத் துறை எதற்கு என்று சந்தேகம் வந்தால் 1989ஐப் படியுங்கள். உயிரோடிருக்கும் ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துக் குழந்தைக்கு வைக்கலாமா என்ற கேள்வியை சிகாகோ குழு முதலில் பேசித் தீர்த்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் எல்லோரும் பார்க்க வெளியிட்டது. கத்தியை எடுத்தது அதற்குப் பிறகு, நவம்பரில். தாயின் கல்லீரல், 21 மாதக் குழந்தைக்கு. தாய்க்கு வரக்கூடிய ஆபத்தை முன்பே எழுதிவைத்துப் பேசியதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

பிறகு எச்.இ.சி.-சி (HEC-C) என்ற, மருத்துவ அறவியல் ஆலோசகர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், முந்தைய நான்கு ஆண்டுகளில் 400 மணி நேர அறவியல் பணி காட்ட வேண்டும். அன்றன்றே குறித்து வையுங்கள். நான் குறிக்காமல் விட்டு, பழைய காலண்டரையும் மின்னஞ்சலையும் கிளறியே இரண்டு வார இறுதிகள் போயின.