கப்பல் பார்க்கப் போய்த் தேத்தண்ணி குடித்த கதை

அக்கா இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்குப் பக்கம். போன ஆனி மாதம் அவவிடம் போனபோது நான் முதலில் கேட்டதே ஹார்ட்டில்பூலில் நிற்கும் கப்பலைத்தான். எச்.எம்.எஸ். திரிங்கோமலி என்று பெயர்; நம் திருகோணமலையை வெள்ளைக்காரர் சொல்லும் விதம் அது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது, இன்னும் தண்ணீரில் மிதக்கிறது. அவ்வளவு தூரத்தில் நம் ஊர்ப் பெயரை எழுதியிருக்கக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பார்த்து முடிய மணி மூன்று. திரும்பும் வழியில் அத்தான் ஒரு சின்ன ஊரில் காரை நிறுத்தி, "வா, இவங்கட ரீ ரூம் ஒன்றைப் பார்" என்றார். வெளியில் பார்த்தால் வெறும் வீடு. உள்ளே ஏழெட்டு மேசை. கூரை வளைகளில் பழைய ரீபொட்டுகளாகத் தொங்கின. எங்கள் மூன்று பேருக்கும் வந்த கோப்பைகள் மூன்றும் மூன்று விதம். என்னுடையதில் ஊதாப் பூ. அக்காவுடையது 1953 முடிசூட்டு விழா நினைவுக் கோப்பை, கழுவிக் கழுவி எலிசபெத் மகாராணியின் முகம் பாதி அழிந்திருந்தது. ரீபொட்டின் மேல் கம்பளி நூலில் பின்னிய கோழி ஒன்று அடைகாப்பதுபோல் உட்கார்ந்திருந்தது; கெண்டி மூக்கு மட்டும் செட்டைக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டு. தேத்தண்ணி சூடு ஆறாமல் இருக்கத்தான் அந்தக் கோழி. அரை மணித்தியாலம் கழித்து ஊற்றியபோதும் ஆவி பறந்தது.

கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டா. திரிங்கோமலி என்றேன்.

"கப்பலா?"

"இல்லை அம்மா, ஊர். அந்த ஊர்தான் என் ஊர்."

பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ தடவை அந்தக் கப்பலில் ஏறியிருக்கிறாவாம். அந்தப் பெயரில் ஆட்கள் வாழும் ஊர் ஒன்று இருக்கும் என்று நினைத்ததே இல்லையாம். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடல் எப்படி இருக்கும் என்று கேட்டா. கோணேசர் மலையையும், அதன் அடியில் நீலம் கறுப்பாக மாறும் இடத்தையும், கோட்டைக்குள் திரியும் மான்களையும் சொன்னேன். அதன் பிறகுதான் ரீபொட்டில் இருப்பது நம் மலையகத்துத் திம்புளைத் தேயிலை என்று அவ சொன்னா. அந்தக் கொழுந்தைப் பறித்த மலையகப் பெண்களைப் பற்றியும் அவவுக்குச் சொன்னேன். சொல்லாமல் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று தட்டு அடுக்கு வந்தது. கீழ்த்தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், பாணின் கரை எல்லாம் வெட்டி, விரல் அளவில். மேல்தட்டில் கேக். எனக்குப் பிடித்தது நடுத்தட்டில் இருந்த ஸ்கோன்தான். நம் பணிஸைவிடக் கட்டி, இனிப்பும் குறைவு. கத்தி வேண்டாம், கையால் பிரி என்றா அந்த அம்மா. பிரித்தால் உள்ளே சூடு, வெண்ணெய் வாசம். அதற்குக் கெட்டிக் கிரீமும் ஸ்ட்ரோபெரி ஜாமும். டெவன்காரர் முதலில் கிரீம் பூசி மேலே ஜாம் வைப்பார்களாம். கோர்ன்வால்காரருக்கு ஜாம்தான் முதல். இந்த வழக்கு அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அம்மாவுக்குச் செய்து கொடுக்காமல் இருக்க முடியவில்லை. 225 கிராம் மா, 55 கிராம் பட்டர், பேக்கிங் பவுடர், கொஞ்சம் உப்பு, மா சேரும் அளவுக்குப் பால். பட்டரை விரல் நுனியால் மாவில் உதிர்த்து, பிசையாமல் சும்மா கூட்டி எடுக்க வேண்டும், பிசைந்தால் கல்லாகிவிடும். அவண் நல்ல சூட்டில் பன்னிரண்டு நிமிடம் போதும். கெட்டிக் கிரீமுக்கு இங்கே எங்கே போவது? மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டியின் மேலாடையை வழித்தெடுத்தேன். ஜாமுக்கு விளாம்பழ ஜாம்.

அம்மா ஸ்கோனைப் பிரித்துவிட்டு, எதை முதலில் பூச வேண்டும் என்று கேட்டா. டெவன், கோர்ன்வால் கதையைச் சொன்னேன். வடிவாகக் கேட்டுவிட்டு, ஒரு பாதியில் தயிராடையும் மற்றப் பாதியில் ஜாமும் பூசி, இரண்டையும் சேர்த்து மூடி, தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டா.