லக்ஷ்மியும் லெட்சுமியும்: சொல்லொப்புமைப் பாடத்தைப் படித்த விதம்

தகவல் தேடல், மொழிச் செயலாக்கம் மாதிரியான மாட்யூல் எடுக்கும் சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்தோ ஒலியோ ஒத்த சொற்களைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற பகுதி வகுப்பில் சீக்கிரம் ஓடிவிடும். ஆனால் தேர்வில் கையால் கணக்குப் போடச் சொல்வது இதில்தான்.

விரிவுரையில் தரும் ஆங்கிலச் சொற்களை ஓரமாக வைத்துவிட்டு, நம் வீட்டுப் பெயர்களைக் கொண்டு படியுங்கள். எனக்குப் பாடம் பிடிபட்டது அப்படித்தான். ஆங்கிலத்தில் எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ என்று எழுதினால் லக்ஷ்மி. இங்கேயும் மலேசியாவிலும் எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ என்று எழுதும் லெட்சுமிகளும் உண்டு. இரண்டும் ஒரே பெயர் என்று நமக்குத் தெரியும்.

ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தர முயலும் சவுண்டெக்ஸுக்குத் தெரியாது. 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்த முறை அது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுக்கும். கே, எஸ், சி மூன்றுக்கும் 2. டி-க்கு 3. எம், என் இரண்டுக்கும் 5. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒன்றுதான் கணக்கு. மூன்று எண்ணோடு நிறுத்திவிடும், குறைந்தால் 0 போட்டு நிரப்பும். லக்ஷ்மி எல்250 ஆகிறாள், லெட்சுமி எல்325. குறியீடு முழுவதும் ஆங்கில ஒலிப்பை நம்பி நிற்கிறது. 'இந்த முறையின் குறை என்ன?' என்ற கேள்விக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

அப்புறம் லெவன்ஷ்டைன் தொலைவு, 1965. ஒரு சொல்லை இன்னொன்றாக்கக் குறைந்தது எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று பார்ப்பது. ஆங்கில எழுத்துகளில் லக்ஷ்மியை லெட்சுமியாக்க மூன்று மாற்றம், யு ஒன்று சேர்ப்பு, ஆக 4. லக்ஷ்மியை லக்ஷ்மனாக்க 2 போதும்! கணக்குப்படி லக்ஷ்மிக்கு நெருக்கம் லக்ஷ்மன்தான். தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் கருவியை ஒலி வேறுபாட்டுக்குப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும். ஒரு சொல்லை வரிசையிலும் மற்றதை நெடுவரிசையிலும் வைத்து இந்தத் தொலைவைக் கணக்கிடும் அட்டவணையைக் கையால் நிரப்பிப் பாருங்கள். முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் வெற்றுச் சொல்லுக்கானவை, 0, 1, 2 என்று ஏறும். அவற்றை விட்டால் மொத்தமும் தப்பாகும். பக்கத்துப் பக்கத்து எழுத்து இடம் மாறினால் லெவன்ஷ்டைனில் 2, டாமெராவ் முறையில் 1. வினாவில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

தமிழ் எழுத்துக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். 'தம்பி' நமக்கு மூன்றெழுத்து, பைத்தான் நிரல்மொழிக்கு 5. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். பாடு, பாட்டு இரண்டுக்கும் இடையே நம் கணக்கில் ஓர் எழுத்துதான் கூடுதல். குறியீட்டுக் கணக்கில் ட, புள்ளி என்று 2. மழைக்கும் மலைக்கும் எப்படி எண்ணினாலும் 1. ஆகவே புராஜெக்ட் செய்கிறவர்கள் முதலில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துவிட்டுத் தொலைவு கணக்கிடுவது நல்லது. அதற்கும் முன்னால் என்எஃப்சி இயல்பாக்கம் செய்யுங்கள், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்குங்கள். 'கோ'வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், நிரலுக்கு வேறு.

ல-ள-ழ, ந-ன-ண, ர-ற ஆகியவற்றை ஒரே கூட்டமாக்கித் தமிழுக்கென ஒலிக்குறியீடு செய்யலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் மழையும் மலையும் ஒன்றாகிவிடும். அந்தக் குறியீட்டைக் கொண்டு சாத்தியமான சொற்களை மட்டும் திரட்டுங்கள். பிறகு எடையிட்ட தொலைவால் வரிசைப்படுத்துங்கள். ழ-ள மாற்றத்துக்குக் குறைந்த எடை, ழ-க மாற்றத்துக்கு முழு எடை. என் பார்வையில் இந்த இரண்டடுக்கு முறைதான் நம் மொழிக்குச் சரி.

தேர்வுக்குள் ஏ4 குறிப்புத்தாள் அனுமதித்தால் சவுண்டெக்ஸ் எண் கூட்டங்களை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், மனப்பாடம் வேண்டாம். புராஜெக்ட்டுக்குப் பெயர்கள் வேண்டுமா? தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கில நாளிதழ்களைப் புரட்டுங்கள். சுப்பிரமணியம் என்ற பெயரையே ஆங்கிலத்தில் B போட்டும் அதன் இடத்தில் P போட்டும் எழுதியிருப்பார்கள். இந்தப் பெயரில் சவுண்டெக்ஸ் ஜெயிக்கும், இரண்டுமே எஸ்165. ஜெயித்த பெயர்களையும் தோற்ற பெயர்களையும் அறிக்கையில் பக்கம் பக்கமாக வையுங்கள்.